நார்மல் ஒன்று

நவம்பர் 1, வியாழன்

இது ஜனவரியில் கெமிக்கல் சப்ளையர் கொடுத்துவிட்டுப் போன டைரி. இத்தனை மாதமாக லேப் ஜன்னல் காற்றில் அடிக்காமல் இருக்க அதற்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தோம். இன்று மீட்டுவிட்டேன்.

முதல் பக்கத்தில் கட்டங்கள் இருக்கின்றன. நிரப்பாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பெயர்: அங்கயற்கண்ணி, லேபில் கயல். ஊர்: போடிநாயக்கனூர், பிழைப்பது சென்னையில். தொழில்: சுண்டெலிகளுக்கு ஆஸ்துமா வரவழைப்பது. ரத்த வகை: ஓ பாசிட்டிவ். ‘ஒவ்வாமை ஏதேனும்’ என்ற கட்டத்தில் பெரிதாக ‘இல்லை’.

தொழிலைக் கேட்டு எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். விஷயம் இதுதான். முட்டையின் வெள்ளைக்கருவை எலியின் வயிற்றில் ஊசியாகப் போட்டு, இது உன் எதிரி என்று அதன் உடம்புக்கு அறிமுகம் செய்து வைப்போம். சில வாரம் கழித்து அதையே மூக்கில் ஒரு சொட்டு விட்டால், உடம்பின் காவல் படை சாதுவான வெள்ளைக்கருவைத் திருடன் என்று நினைத்துக் கம்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். மூச்சுக்குழாய் வீங்கி, எலிக்கு இளைப்பு வரும். அந்தப் படையில் முன்னால் ஓடிவருவது இயோசினோபில் என்ற செல். என் மருந்து அதை வழியிலேயே நிறுத்துகிறதா என்பதுதான் ஐந்து வருடமாக நான் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி.

என் கைடு ரெபெக்கா மேடம் இன்று கூப்பிட்டு, இதுதான் கடைசி பேட்ச், இதற்குப் பிறகு எலியும் கிடையாது, ஃபெல்லோஷிப்பும் கிடையாது என்று சொல்லிவிட்டார். இந்த எலிகள் பதில் சொன்னால் பிஎச்.டி. முடித்து நான் டாக்டர். சொல்லாவிட்டால் அப்பாவின் மெத்தைக் கடையில் கல்லாவில் உட்கார வேண்டியதுதான்.

காலையிலிருந்து அடுக்குத் தும்மல். தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கும்போதே தெருவில் வெடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். புகை.

நவம்பர் 6, செவ்வாய். போடி

தீபாவளி. அப்பாவின் கடை முழுக்க இலவம்பஞ்சு. பஞ்சை அடைக்கும்போது கடைக்குள் மார்கழிப் பனி மாதிரி தூசி நிற்கும். அப்பா அதற்கு நடுவில் நின்று நாற்பது வருடமாக மெத்தை தைக்கிறார், பத்து வருடமாக இருமுகிறார். கேட்டால் சளி என்பார்.

மூன்று வருடத்துக்கு முன் நான் வாங்கிக் கொடுத்த இன்ஹேலரின் அட்டைப்பெட்டி பீரோவின் மேல் தூசி படிந்து கிடக்கிறது. பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தில் பலகாரம் இறங்கவில்லை. வழக்கம்போல் பாடம் எடுத்தேன். மூச்சை முழுசா வெளியே விடுங்க, வாயில வெச்சு மெதுவா இழுக்கும்போதே அமுக்குங்க, பத்து எண்ணுற வரை மூச்சைப் பிடிங்க. போனில் எத்தனையோ தடவை சொன்னதுதான். அப்பா டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார்.

“இளைப்புக்காரன் கடையில எவன் தாயி மெத்தை வாங்குவான்?”

படித்த மகள், ஆஸ்துமாவிலேயே ஆராய்ச்சி செய்கிறவள், இன்ஹேலர் பாடத்தையே முதலிலிருந்து மறுபடி எடுத்தேன். சொந்த உடம்பை ஏமாற்றுகிற ஆட்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்கோ இந்தப் பஞ்சுக்குள் புரண்டும் ஒரு தும்மல் இல்லை. ஊர்க் காற்று ஊர்க் காற்றுதான்.

நவம்பர் 9, வெள்ளி

சென்னை. எலி அறைக்குள் போன கொஞ்ச நேரத்தில் மூக்கு ஒழுக ஆரம்பித்தது. மணிக்கட்டில், எலி வால் பட்ட இடத்தில், கொசு கடித்தது போல் தடிப்பு. கையுறை கம்பெனியை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. புகார் எழுத வேண்டும்.

நவம்பர் 19, திங்கள்

பக்கத்து மேஜை இர்ஷாத் பற்றி எழுத வேண்டும். அவனும் என் வருடம்தான். எனக்கு எலி, அவனுக்கு மனித ரத்தம். ஆஸ்பத்திரியிலிருந்து ஆஸ்துமா நோயாளிகளின் ரத்தம் வரும். வீட்டில் இருக்கும் எது அவர்களுக்கு ஆகவில்லை என்று பார்ப்பது அவன் வேலை. தூசிப்பூச்சி, கரப்பான், பூனை, எலி என்று ஒவ்வொன்றின் சாறையும் ரத்தத்தில் ஒரு சொட்டு விடுவான். ஆகாத சரக்கைப் பார்த்ததும் ரத்த செல்கள் கொதித்துப் போகும். அதை மெஷின் காட்டிக்கொடுக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க எந்த நோயும் இல்லாத ஒரு ஆளின் ரத்தமும் ஒவ்வொரு முறையும் வேண்டும். அதற்கென்று ஆள் தேடி எந்த லேபிலும் ஊர் சுற்றுவதில்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் கையை நீட்ட வேண்டியதுதான். எங்கள் லேபில் அந்தக் கை நான்கு வருடமாக என்னுடையது. டியூபில் ‘நார்மல் 1’ என்று எழுதியிருக்கும். பள்ளிக்கூடத்தில் எதிலும் முதலாவதாக வராத எனக்கு அதில் ஒரு பெருமை.

இன்று அந்த நார்மல் 1 எலிச் சாற்றைக் கண்டு கொதித்திருக்கிறது. நோயாளிகளைவிட ஜோராக. இர்ஷாத் தலையைச் சொறிந்தான். எலிச் சாறு பாட்டில் கெட்டுப் போயிருக்கும் என்று சொன்னேன். புது பாட்டில் ஆர்டர் போட்டிருக்கிறான்.

நவம்பர் 25, ஞாயிறு

மழை, கார்த்திகை விளக்குப் புகை, ஈரச் சுவர் எல்லாம் சேர்ந்து வாரம் முழுக்கச் சளி. இன்று விடுமுறை, நாள் பூராவும் ஹாஸ்டலில் படுத்திருந்தேன். ஒரு தும்மல் இல்லை. ஓய்வுதான் மருந்து.

டிசம்பர் 3, திங்கள்

புது பாட்டில், பழைய கதை. நார்மல் 1 மறுபடியும் கொதிக்கிறது.

டியூப் மாறியிருக்கும் என்றேன். இர்ஷாத் ஒவ்வொரு டியூபாகச் சரிபார்த்தான், மாறவில்லை. ஐஸ் போதாமல் ரத்தம் கெட்டிருக்கும் என்றேன், ஐஸ் போதுமான அளவு இருந்தது. மெஷின் குழாயில் அடைப்பு என்றேன். சர்வீஸ் இன்ஜினியர் வந்து, மெஷினைக் கழற்றி மாட்டி, டீ குடித்து, ஒரு குறையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். இந்த லேபில் என்னைத் தவிர எல்லாப் பொருளின்மேலும் நான் சந்தேகப்பட்டுவிட்டேன்.

இர்ஷாத்தின் பேப்பர் இதனால் நிற்கிறது. பாவமாக இருக்கிறது.

டிசம்பர் 18, செவ்வாய்

மார்கழிப் பனி. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஹாஸ்டல் சாப்பாட்டில் எடை போட்டிருக்கிறேன்.

எலிகளுக்கு வயிற்று ஊசி முடிந்தது. இனி பொங்கலுக்குப் பிறகு மூக்குச் சொட்டு. அதுவரை தினமும் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். போவதற்கு முன் தும்மலுக்கு ஒரு செட்ரிசின் மாத்திரை போட்டுக்கொள்கிறேன், சும்மா பாதுகாப்புக்கு. மேஜையில் ஒரு டப்பா தடிமனான முகமூடி இருந்தது. யார் வைத்தது என்று கேட்டதற்கு, “எனக்கு அதிகமா வந்துருச்சு” என்று இர்ஷாத் மெஷினைப் பார்த்தபடி சொன்னான்.

அப்பா போன் செய்தார். பேச்சுக்கு நடுவில் இருமினேன். சளியா தாயி என்றார். ஆமாப்பா, சளி என்றேன். எனக்கும் சளிதான் என்றார்.

ஜனவரி 3, வியாழன்

டைரி தீர்ந்துவிட்டது. ஆனால் முன்பக்கத்து ஜனவரி சும்மாதானே கிடக்கிறது. புதன் என்று அச்சாகியிருப்பதை அடித்து வியாழன் ஆக்கிவிட்டேன்.

இர்ஷாத் இந்தத் தடவை என்னிடம் சொல்லாமல் தன் ரத்தத்தையும் மேடத்தின் ரத்தத்தையும் சேர்த்து ஓட்டியிருக்கிறான். இரண்டும் பச்சைத் தண்ணீர் மாதிரி அமைதி. என்னுடையது மட்டும் கொதிக்கிறது. தாளை என் முன்னால் வைத்துவிட்டு நின்றான். நான் மறுபடி மெஷினைப் பற்றி ஆரம்பித்தேன். அவன் என் மேஜையில் கிடந்த மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தான்.

“கயல், செட்ரிசின் போட்டா தோல்ல குத்திப் பாக்குற டெஸ்ட்தான் ஏமாறும். இது ரத்தம், ஏமாறாது. முதல் வருஷத்துல எனக்கே நீதான் இதைச் சொல்லிக் கொடுத்த.”

நான் ரத்தத்தை ஏமாற்ற ஒன்றும் போடவில்லை, மூக்கு ஒழுகியது போட்டேன் என்றேன். எதனால் ஒழுகியது என்று அவன் கேட்கவில்லை.

எங்கள் நிறுவனத்தில் ஒரு விதி உண்டு. விலங்கு ஒவ்வாமை இருக்கிறவர்கள் எலி அறைக்குள் காலடி வைக்கக் கூடாது. எனக்கு முன்னால் இருந்த சீனியர் ஒருவர் அப்படித்தான் தீசிஸைப் பாதியில் விட்டுவிட்டு எங்கோ வேலைக்குப் போனார். மேடத்திடம் நீயே சொல், நான் சொல்ல மாட்டேன், ஆனால் சீக்கிரம் சொல் என்றான் இர்ஷாத். மூக்குச் சொட்டு முடியட்டும் என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை.

பயமாக இருக்கிறது. எதைக் கண்டு என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் உண்மையாகிவிடும்.

ஜனவரி 14, திங்கள்

போகி. ஊரே புகை. இருமலுக்கு இன்று நியாயமான காரணம் இருக்கிறது.

ஜனவரி 21, திங்கள்

சாக்குகள் தீர்ந்துவிட்டன. வெடிப் புகை, மழை, விளக்குப் புகை, பனி, போகி எல்லாம் வரிசையாக வந்து போய்விட்டன. காற்று துடைத்துவிட்டது போல் சுத்தமாக இருக்கிறது. என் நெஞ்சு மட்டும் இல்லை.

மூக்குச் சொட்டு ஆரம்பம். இந்த வாரமும் அடுத்த வாரமும் தாண்டிவிட்டால் போதும். எலிகளுக்கு என் கைதான் பழக்கம், வேறு யார் தொட்டாலும் மிரளும். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை அப்பா வருகிறார். பக்கத்து ஆஸ்பத்திரியில் அவருக்கு ஊதிப் பார்க்கும் டெஸ்ட் ஏற்பாடு செய்திருக்கிறேன். சண்டை போட வேண்டியிருக்கும் என்று தயாராக இருந்தேன். ஆனால் சொன்ன உடனே சரி என்றுவிட்டார். ஆச்சரியம்.

ஜனவரி 24, வியாழன்

படுத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

அப்பா காலையில் வந்தார், தோளில் ஒரு பை, பைக்குள் எனக்கென்று தைத்த தலையணை. டெஸ்ட் நன்றாகவே முடிந்தது. அளவுக்கு மீறி நன்றாக. நுரையீரல் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, ஒழுங்காக மருந்து எடுக்கிறவரின் நெஞ்சு மாதிரி இருக்கிறதே என்றார். இந்த ஊரில் எந்த மெஷினும் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் அப்பாவை லேபில் இர்ஷாத்திடம் உட்கார வைத்துவிட்டு எலி அறைக்குப் போனேன். முகமூடி, மாத்திரை எல்லாம் உண்டு. பாதியில் ஒரு கூண்டு கை நழுவியது. உள்ளே கிடந்த மரத்தூள் மொத்தமும் முகத்துக்கு நேராகப் பறந்தது. எலிகளின் மூத்திரத்தில் ஊறிய மரத்தூள். என் ரத்தம் எதைக் கண்டு கொதிக்கிறதோ, அது அதில்தான் இருக்கிறது.

வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. மிச்சம் இருந்த எலிகளுக்கும் சொட்டு விட்டு முடித்தேன். கூண்டுகளை அடுக்கினேன். கதவைச் சாத்திவிட்டு வராந்தாவுக்கு வந்தபோது காற்று உள்ளே வந்தது, வெளியே போக மறுத்தது. நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது போல இருந்தது. சுவரைப் பிடித்தபடி லேப் வாசல் வரை வந்துவிட்டேன். இர்ஷாத் என்று கூப்பிட நினைத்தேன், குரல் இல்லை.

அப்பாதான் முதலில் பார்த்தார். ஓடவில்லை, கத்தவில்லை. என்னைப் பெஞ்சில் நிமிர்த்தி உட்கார வைத்தார். பிறகு இடுப்பு வேட்டி மடிப்பிலிருந்து ஒரு நீல இன்ஹேலரை எடுத்தார். மூடியைக் கட்டை விரலால் தள்ளி, நன்றாகக் குலுக்கினார். தினமும் செய்கிறவரின் கை.

“மூச்சை முழுசா வெளிய விடு தாயி. வாயில வெச்சு மெதுவா இழு. இழுக்கும்போதே அமுக்குறேன். ம், புடி. பத்து எண்ணுற வரை புடி.”

அவரே எண்ணினார். மறுபடி ஒன்று. மறுபடி எண்ணினார். என்னுடைய பாடம், என்னுடைய சொற்கள், ஒன்றுகூட மாறாமல். அதற்குள் இர்ஷாத் சக்கர நாற்காலியோடு வந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் முகத்தில் புகை மருந்து மாட்டி, சாயங்காலம்வரை படுக்க வைத்தார்கள். இப்போது பரவாயில்லை.

கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது கேட்டேன், எவ்வளவு நாளாக எடுக்கிறீர்கள் என்று. நீ கொடுத்ததிலிருந்தே என்றார். பெட்டியை பீரோ மேல் போட்டுவிட்டு, மருந்தை மடியில் வைத்துக்கொண்டாராம், தீரத் தீரப் புதிது வாங்கினாராம். இளைப்பு வந்தால் கடைக்குப் பின்னால் பஞ்சு குடோனுக்குள் போய் ஆள் பார்க்காமல் அடித்துக்கொள்வாராம். பஞ்சுத் தூசிக்கு மருந்தடிக்கப் பஞ்சு குடோனுக்குள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஏன் என்னிடமாவது சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீ சொன்னியா? கார்த்திகையிலருந்து போன்ல உன் நெஞ்சு விசிலடிக்குது. எனக்குத் தெரியாத சத்தமா அது? அதேன் டெஸ்ட்டுன்னு சொன்னதும் கெளம்பி வந்தேன். சளின்னு சொல்லி ஏமாத்துறதுல நான் உனக்கு அப்பன் தாயி.”

ஜனவரி 25, வெள்ளி

மேடத்திடம் சொன்னேன். ரத்தம், மாத்திரை, கூண்டு, எல்லாம்.

அவர் கோபப்படுவார் என்று தெரியும். இவ்வளவு அமைதியாகக் கோபப்படுவார் என்று தெரியாது. ஆஸ்துமாவுக்கென்றே இருக்கும் லேபில் ஒருத்தி ஆஸ்துமாவை மறைத்தால், பஞ்சுக் கடைக்காரரையும் செங்கல் சூளைக்காரரையும் வந்து காட்டுங்கள் என்று எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று கேட்டார். எலி அறை அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். ஐந்து வருடம் கழுத்தில் கிடந்த அட்டை. பாத்ரூமில் போய் அழுதேன்.

திரும்பி வந்தபோது இர்ஷாத்தும் அங்கே இருந்தான். மிச்சச் சொட்டுகளை அவன் போடுவதாகச் சொல்லியிருக்கிறான். எலிக்கு என் கைதான் பழக்கம் என்று ஆரம்பித்தேன். மேடம் நிறுத்தினார்.

“எது மருந்து குடுத்த எலி, எது குடுக்காத எலின்னு உனக்குத் தெரியும் கயல். அவனுக்குத் தெரியாது. அவன் போடுறதுதான் நல்லது. நீ போட்டா உன் ஆசைக்கு எலி மூச்சு விடும்.”

இதை ஐந்து வருடத்துக்கு முன்பே யோசித்திருக்கலாம். மூவருமே யோசிக்கவில்லை.

பிப்ரவரி 1, வெள்ளி

இர்ஷாத் எலி அறைக்குள், நான் கண்ணாடிக்கு வெளியே. வாலை இப்படிப் பிடி, கழுத்தை அப்படிப் பிடி என்று சைகையில் காட்டினேன். அவன் அதை நடன வகுப்பு மாதிரி செய்தான். முதல் எலியே கடித்தது. உள்ளே அவன் வாய் அசைந்தது, நல்ல வேளை கண்ணாடி தடிமன். கடைசிச் சொட்டு விட்டு முடித்ததும் கட்டுப்போட்ட விரலைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினான். கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதைப் பற்றி இவ்வளவு போதும்.

பிப்ரவரி 20, புதன்

எலிகளின் நுரையீரலைக் கழுவிய நீரின் செல்களைக் கண்ணாடித் தகட்டில் சாயம் ஏற்றி என்னிடம் கொடுத்தார்கள். அதற்கு எலி அறை தேவையில்லை, மைக்ராஸ்கோப்பும் பொறுமையும் போதும். இயோசினோபில் பஞ்சுமிட்டாய் நிறத்தில் தெரியும். தகடுகளில் வெறும் எண்தான், எந்தக் கூட்டம் என்று எழுதவில்லை. எண்ணி முடித்துத் தாளை மேடத்திடம் கொடுத்தேன். எந்த எண் எந்தக் கூட்டம் என்று எழுதிவைத்த தாளை அவர் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்.

மருந்து கொடுத்த எலிகளில் பஞ்சுமிட்டாய் மற்றவற்றில் இருந்ததில் பாதிகூட இல்லை. மேடம் இரண்டு தடவை பார்த்துவிட்டு, எழுத ஆரம்பி என்றார். அவ்வளவுதான்.

இர்ஷாத் தன் ரத்த டியூபில் நார்மல் 1 என்று எழுதிக்கொண்டான். என் டியூபை நோயாளிகள் வரிசைக்கு மாற்றிவிட்டான். அங்கே நான் கடைசி நம்பர். டைரியின் முதல் பக்கத்தைத் திருப்பி ‘இல்லை’யை அடித்துவிட்டு ‘சுண்டெலி’ என்று எழுதினேன். கட்டம் சின்னது, எழுத்து வெளியே வந்துவிட்டது.

மார்ச் 8, வெள்ளி

முதல் அத்தியாயத்தை மேடம் சிவப்பு மையில் குளிப்பாட்டித் தந்திருக்கிறார். நியாயமான குளியல்தான். தினமும் காலையில் தடுப்பு இன்ஹேலர் எடுக்கிறேன். மேஜையிலேயே, எல்லோரும் பார்க்க.

சாயங்காலம் அப்பா போன் செய்தார். குரலில் ஏதோ குஷி. சின்னமனூரிலிருந்து ஒருவர் மகள் கல்யாணத்துக்கு மெத்தை பார்க்க வந்தாராம். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்ததில் தூசி கிளம்பி அப்பாவுக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. வியாபாரம் முடியும் நேரம். குடோனுக்கு எழுந்து ஓடினால் ஆள் போய்விடுவார், உட்கார்ந்திருந்தால் மூச்சு போய்விடும்.

“ஓடல தாயி. அங்கனயே எடுத்து அடிச்சேன். பத்து எண்ணுனேன்.”

அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“ஒண்ணும் சொல்லல. செத்த நேரம் என்னையவே பாத்தாரு. பெறகு அவரு மஞ்சப்பைக்குள்ள கைய விட்டு அவரோடத எடுத்தாரு.”

மெத்தை என்ன ஆயிற்று என்றேன். ரெட்டை மெத்தை, கூட ரெண்டு தலையணை என்றார் அப்பா.

சிரித்தோம். சிரித்ததில் அவருக்கு இருமல் வந்தது, அதைக் கேட்டு எனக்கும் வந்தது. சளி என்று இரண்டு பேரும் சொல்லவில்லை.